தோல் சிவந்தால் ஒரு டோஸ்

கதிர்ச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு டாக்டரைத் தெரியும், மெஷினை இயக்கும் டெக்னீஷியனையும் தெரியும். எவ்வளவு நேரம் கதிர் பாயவேண்டும் என்று கணக்குப் போடும் மருத்துவ இயற்பியலாளரைத் தெரியாது. ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை அதுதான். அது எங்கே தொடங்கியது என்று இளையவர்கள் கேட்டால், மனிதத் தோலில் என்பேன்.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே அதை நோயாளிகள் மேல் பாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். அளக்கத்தான் வழியில்லை. தோல் லேசாகச் சிவந்தால் ஒரு டோஸ். அந்தச் சிவப்பு தெரியவே நாளாகும். ஒருவர் தோல்போல் இன்னொருவருக்கு இராது. எக்ஸ் கதிர்க் குழாய் சரியாக எரிகிறதா என்று பார்க்கப் பலர் தங்கள் கையையே நீட்டினார்கள். விரல் போயிற்று, கை போயிற்று, கடைசியில் உயிரும். ஹாம்பர்க் நகரில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் 1936-ல் வைத்த நினைவுக்கல்லில் அப்படி மாண்ட 169 பேரின் பெயர்கள் இருந்தன. எங்கள் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு இயற்பியலாளர்கள் வந்தார்கள். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனை 1915-ல் ஃபெய்லா என்ற இயற்பியலாளரைச் சேர்த்துக்கொண்டது. 1919-ல் ஈடித் க்விம்பி அங்கே வந்தார். ரேடியத்தை இத்தனை மணி நேரம் வைத்தால் எவ்வளவு டோஸ் சேரும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தவர் அவர். 1928-ல் ஸ்டாக்ஹோம் மாநாடு கதிரை அளக்க ராண்ட்ஜன் அலகை ஏற்றது. பம்பாயில் டாடா மெமோரியல் 1941-ல் திறந்தபோது, மேரி க்யூரியின் ஆய்வகத்தில் பயின்ற ராமய்யா நாயுடு அங்கே சிகிச்சைக்கான ரேடான் வாயு எடுக்கும் நிலையத்தை அமைத்தார்.

என் காலம் கதிர் வீசும் கோபால்ட் வைத்த மெஷின்களின் காலம். 5.27 ஆண்டில் கோபால்ட்டின் வீரியம் பாதியாகும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். ஆகவே மாதம் பிறந்தால் சிகிச்சை நேரத்தைத் திருத்துவோம். மெஷினின் கதிரை அளவெடுப்பதற்கு முந்தின மாலையே தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிடுவோம், அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று. காலையில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத, கதிரை அளக்கும் கருவியான அயனி அறையைத் தண்ணீருக்குள் இறக்குவோம். அதற்குள் இருப்பது வெளிக்காற்றுதான். வங்கக்கடலில் புயல் சின்னம் என்றால் காற்றழுத்தம் இறங்கும், அயனி அறைக்குள் காற்று குறையும், கருவி குறைத்துக் காட்டும். அதைத் திருத்தாமல் விட்டால் மெஷினின் வீரியம் குறைந்துவிட்டதென்று நேரத்தைக் கூட்டிவிடுவோம். நோயாளிக்குக் கதிர் கூடுதலாக ஏறும். அதனால் பாரோமீட்டரை இரண்டு பேர் தனித்தனியே பார்த்து எழுதுவது எங்கள் வழக்கம்.