இந்தஸ் கப்பலில் வந்த இரு தகப்பன்மார்

கொக்குவிலை நடுவாக வைத்து எட்டு மைல் தூரத்துக்கு ஒரு வட்டம் வரைந்தால், மானிப்பாய், உடுவில், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு ஆகிய ஊர்கள் யாவும் அதனுள் அடங்கிவிடும். கொக்குவில் சைவம் தழைத்த ஊர். சுருட்டுத் தொழிலுக்கும் பேர்போனது. அதனைச் சூழ்ந்த இவ்வூர்களிலோ 1816ஆம் ஆண்டு முதலாக அமெரிக்க மிசனார் ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்களை அமைத்தனர். அவர்கள் நிறுவிய பள்ளிகளையும் வைத்தியசாலைகளையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்களும் பிள்ளை பெற்ற தகப்பன்மாரே என்பதும், அந்நிலையில் அவர்கள் பட்ட மனச்சோர்வு எத்தகையது என்பதும் அத்துணை பேசப்படவில்லை.

1819ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பொஸ்தன் துறைமுகத்திலிருந்து இந்தஸ் என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வந்தோருள் யோன் ஸ்கடர் என்னும் வைத்தியரும் மைரன் வின்சுலோ என்னும் குருவானவரும் இருந்தனர். ஸ்கடர் நியூயோர்க் நகரில் நல்ல வருவாயோடு வைத்தியத் தொழில் நடத்தியவர். நோயாளி ஒருவரின் வீட்டிற் கண்ட ஒரு சிறு பிரசுரம் அவர் மனத்தைத் திருப்பிற்று என்பர். வழக்கறிஞரான அவர் தந்தைக்கு மகன் கீழ்த்திசை செல்வது சிறிதும் உடன்பாடன்று. தந்தையின் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டே ஸ்கடர் கப்பலேறினார். கல்கத்தாவை அடைந்ததும் அவருடைய சிறுமகள் நோயுற்று இறந்தாள். தந்தையை வருத்தி வந்த மகன், வந்த வழியிலேயே தம் மகளையும் இழந்தார். சென்ற காரியம் சரிதானா என்ற ஐயம் அன்று அவர் உள்ளத்தில் எழாதிருந்திருக்குமா?

ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் குடியமர்ந்து வைத்தியம் செய்யலானார். அதே ஆண்டில் வின்சுலோ உடுவிலில் அமர்ந்தார். அவர் மனைவியாகிய ஹரியற் அம்மையார் 1824இல் அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியதை நேயர்கள் அறிவர்.

பிள்ளைகள் பிறந்து வளரத் தொடங்கியதும் ஒரு பெருஞ்சிக்கல் தோன்றிற்று. அவர்களை யாழ்ப்பாணத்தில் வைத்துக்கொள்வதா, அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவதா? இந்நாட்டு வெப்பம் ஆகாது, மேற்படிப்புக்கு வழியில்லை, பிழைப்புக்கு இடமில்லை என்பன அவர்கள் கூறிய காரணங்கள். இவற்றோடு, தமிழ் வேலைக்காரரிடத்தும் அயலாரிடத்தும் பிள்ளைகள் தீய பழக்கம் கற்றுவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. அவ்வச்சத்தை நியாயமென்று ஒப்புதல் இயலாது. தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்த அதே கூட்டத்தார், தம் மக்கள் தமிழ்ச் சூழலில் வளர்வதற்கு அஞ்சினர்! எவ்வாறாயினும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கப்பலேற்றி, பெரும்பாலும் இனிக் காண்போமோ என்ற நிச்சயமின்றியே அனுப்புவது வழக்கமாயிற்று. கடிதம் ஒன்று போய்ச் சேரவே ஐந்தாறு மாதம் செல்லும். மறுமொழி வருமுன் ஓராண்டு கழிந்துவிடும். இன்று மகன் செய்த குற்றத்தை அடுத்த ஆண்டிலே அறிந்து, அதற்கடுத்த ஆண்டிலே கண்டிக்கும் தகப்பனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

வின்சுலோவின் மகன் சார்ள்ஸ் உடுவிலில் 1821இல் பிறந்தவன். பதினொரு வயதில் அமெரிக்கா சேர்ந்த அவன், சேர்ந்த சில காலத்துக்குள்ளேயே, 1832 மே மாதத்தில், நியூயோர்க்கில் இறந்தான். அவ்வேளையில் உடுவிலிலிருந்த பெற்றோர் மகன் உயிரோடிருப்பதாகவே எண்ணியிருப்பர். 1833 சனவரியில் ஹரியற் அம்மையாரும் மறைந்தார். மகனை அனுப்பியது தம் முடிவு. அனுப்பாதிருந்தால் பிழைத்திருப்பானோ என்ற கேள்விக்கு விடை தருவார் எவருமிலர். வின்சுலோ எஞ்சிய பிள்ளைகளின் பொருட்டு அமெரிக்கா சென்றார். மனைவியின் வரலாற்றை நூலாக்கினார். மீண்டும் இத்திசைக்கே வந்தார்.

ஸ்கடரின் நிலை வேறு. அவருடைய மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் 1822இல் பண்டத்தரிப்பிற் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா அனுப்பப்பட்டவன். அங்கே தந்தையின் சமய ஆர்வம் சற்றுமின்றித் துடுக்கனாய்த் திரிந்தான். இதனை ஸ்கடர் கடிதங்களாலன்றி வேறெவ்வாற்றானும் தடுக்கவியலாது. தாயும் தந்தையும் பிள்ளைகளுக்காக ஓயாது மன்றாடினர், எழுதினர், மறுமொழிக்குக் காத்திருந்தனர்.

இவ்விடத்தில் கிறித்தவத் தகப்பன்மார் தமக்கு ஆறுதலாகக் கொண்ட கதையொன்றை நினைக்கலாம். லூக்கா சுவிசேடத்தில் வரும் கெட்ட குமாரனின் கதை அது. வீட்டைவிட்டுப் போன மகனின் செயல்களை அக்கதை விரித்துரைக்கிறது. அவன் திரும்பும் வரை தகப்பன் கழித்த நாட்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆனால் மகன் வெகுதூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டுகொண்டான் என்கிறது. கண்டானெனின், வழியை நோக்கியபடியே இருந்தான் என்பதுதானே பொருள்? பண்டத்தரிப்பிலும் பின்னர் சென்னையிலும் ஸ்கடர் செய்தது அதுவே. இடையில் நோயாளரைப் பார்த்தார், ஊர் ஊராய்ப் பிரசங்கித்தார். மகனுடைய போக்குக் கண்டு வேலையை விட்டுவிடவில்லை. வேலையைக் காட்டி மகனை மறந்துவிடவுமில்லை. ஹென்றி மனந்திரும்பி, குருவாகி, 1844இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஸ்கடரின் ஏழு புதல்வர் இவ்வாறு இந்தியாவில் ஊழியராயினர். அவர்களுள் 1835இல் பிறந்து தந்தையின் பெயரையே பெற்ற யோன் என்பவருடைய மகளே வேலூர் வைத்தியக் கல்லூரியை 1918இல் நிறுவிய ஐடா ஸ்கடர்.

இதனைக் கேட்டதும், விடாமுயற்சிக்குக் கிடைத்த கூலி என்று ஸ்கடரைப் புகழத் தோன்றும். அவ்வாறு கூறின் வின்சுலோவுக்கு என்ன விடை? அவரும் அதே கப்பலில் வந்தவர், அதே மன்றாட்டைச் செய்தவர். அவருக்குக் கிடைத்தது மகனின் மரணச் செய்தி. பின்னரும் அவர் மனைவியரை இழந்தார். எனினும், நல்லூர்த் திருச்சபை மிசனைச் சேர்ந்த யோசேப்பு நைற் தொடங்கி வைத்த அகராதிப் பணியைத் தம் கையில் ஏற்று, ஆண்டுக்கணக்காய் உழைத்து, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் சென்னையில் வெளியிட்டார். எஞ்சிய பிள்ளைகளின் வழிமரபும் அற்றுப்போகவில்லை. 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளிநாட்டமைச்சராக விளங்கிய யோன் பொஸ்ரர் டலஸ், உடுவிலில் வாழ்ந்த இந்த வின்சுலோவின் கொள்ளுப்பேரன் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

தமிழ்த் தகப்பன்மாரின் துயரும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறிக்கு, ஆங்கிலக் கல்வியை விரும்பி, சைவக் குடும்பத்தார் பலர் மைந்தரை அனுப்பினர். சம்பளம் செலுத்திய அமெரிக்க உபகாரிகளின் பெயரை மாணவர்க்குச் சூட்டும் வழக்கம் அங்கிருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்கள் அவ்வாறமைந்தவை. விடுமுறையில் வீடு வந்த மகன் வேறொரு பெயரோடும் வேறொரு வேதத்தோடும் நிற்பதைக் கண்ட தகப்பனுக்கு, அனுப்பியது தன் பிழையோ என்று தோன்றாதிருக்குமா? அமெரிக்கத் தகப்பன் தமிழ்ச் சூழலுக்கஞ்சி மகனைக் கடல் கடத்தினான். தமிழ்த் தகப்பனோ நாலைந்து மைலுக்கப்பால் அனுப்பியே மகனைப் பிரிந்தான். இவ்விதிக்கு மறுதலையும் உண்டு: செமினறியிற் பயின்று பின்னர் சைவத்துக்கு மீண்ட சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறித்தவராகி, பிரான்சிசு கிங்சுபெரி என்னும் பெயரோடு தமிழறிஞராய் வாழ்ந்தார்.

ஸ்கடர் உடல் நலிந்து, காற்று மாற்றத்துக்காக ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, 1855 சனவரியில் அங்கேயே காலமானார். ஒன்பது ஆண்டு கழித்து, 1864இல், நோயோடு தாயகம் திரும்பும் வழியில் வின்சுலோவும் அதே முனைக்கு வந்து சேர்ந்தார்; ஒக்டோபர் மாதத்தில் அங்கே இறந்தார். ஒரே கப்பலில் வந்த அவ்விருவருடைய கல்லறைகளும் யாழ்ப்பாணத்திலுமில்லை, அமெரிக்காவிலுமில்லை.