படியும் மூலமும்: ஃபெட் என்னும் கேமராவின் கதை

மலிவாகக் கிடைக்கும் பழைய பொருளுக்கு வரலாறு இருக்கக்கூடும் என்று நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. படச்சுருள் கேமராக்களைச் சேர்ப்போரிடையேயும் இந்த மனப்பாங்கு உண்டு. அவர்களுக்கு ஜெர்மனியின் லைக்கா மூலம். அதைப் பார்த்துச் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஃபெட் வெறும் நகல். மூலத்தின் விலை நம் போன்றோர்க்கு எட்டாதது. நகலையோ ஒரு நல்ல அகராதியின் விலைக்கு வாங்கிவிடலாம்.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்தவர்கள் நகல் என்பதை இவ்வளவு எளிதாக ஒதுக்கமாட்டார்கள். சங்கப் புலவர் எவரும் தம் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. இருப்பவை அனைத்தும் படிகளே. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது பல படிகளை ஒப்புநோக்கித்தான். படியெடுத்தவர் யார், எவ்வூரினர், யாருக்காக எழுதினார் என்ற கேள்விகள் பதிப்பாசிரியருக்கு இன்றியமையாதவை. அதே கேள்விகளை ஃபெட் கேமராவிடம் கேட்டால் கிடைக்கும் விடை நம்மைத் துணுக்குறச் செய்கிறது.

மூலத்தின் கதை சுருக்கமானது. வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக். திரைப்படத்திற்கான 35 மில்லிமீட்டர் சுருளில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படமெடுக்கும் சிறு கருவியை அவர் உருவாக்கினார். 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் அது அறிமுகமாயிற்று. தொலைவை அளந்து குவியம் கூட்டும் அமைப்புடன் லைக்கா II 1932இல் வெளிவந்தது. படியெடுக்கப்பட்டது இதுதான்.

படியெடுத்தவர்கள் சிறுவர்கள். உலகப்போரும் உள்நாட்டுப் போரும் 1921-22ஆம் ஆண்டுப் பஞ்சமும் சோவியத் மண்ணில் பல லட்சம் குழந்தைகளைத் தெருவில் விட்டிருந்தன. அவர்களில் சிலருக்காக 1927 டிசம்பரில் உக்ரைனின் கார்கிவ் நகரை ஒட்டி ஓர் உழைப்புக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. பொறுப்பேற்றவர் கல்வியாளர் அந்தோன் மக்காரென்கோ. பாதிநாள் படிப்பு, பாதிநாள் தொழில் என்பது அவர் வகுத்த முறை. முதலில் மரச்சாமான்கள் செய்தனர். பிறகு மின்சாரத் துளையிடும் கருவிகள். அதன்பின் லைக்காவைப் பிரித்துப் பார்த்துக் கேமரா. 1934 முதல் அது தொடர் உற்பத்திக்கு வந்தது. நுண்ணிய அளவுகளில் உலோகத்தைக் கடையும் வேலையைத் தெருவில் திரிந்த பிள்ளைகள் கற்றுத் தேர்ந்தனர் என்பது எளிய செய்தியன்று. அக்குடியிருப்பின் வாழ்க்கையை மக்காரென்கோ 1938இல் 'கோபுரங்களில் கொடிகள்' என்று பொருள்படும் தலைப்பில் நாவலாக்கினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மனநிறைவோடு புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் கேமராவின் பெயர் நம்மைத் தடுக்கிறது. ஃபெட் என்பது ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகள். 1917இல் நிறுவப்பட்ட செக்கா என்னும் அரசியல் காவல்துறையின் முதல் தலைவர் அவர். விசாரணையின்றிப் பலரைச் சுட்டுக்கொன்ற அமைப்பு அது. குழந்தைகளின் வாழ்வை மேம்படுத்த 1921இல் அமைந்த ஆணையத்தின் தலைவரும் அவரே. அவர் நினைவாகத் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஈந்து குடியிருப்பை எழுப்பியவர்களும் அக்காவல்துறையினரே. பிள்ளைகளை அநாதைகளாக்கிய ஆண்டுகளில் பங்குடைய கையே அவர்களுக்குச் சோறும் தொழிலும் தந்தது. போருக்கு முந்திய ஃபெட் கேமராக்களின் மேற்தகட்டில் அவ்வமைப்பின் அடுத்த வடிவமான என்.கே.வி.டி.யின் பெயரும் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரும் கார்கிவ் நகரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இதனினும் கொடிய முரண் ஒன்று உண்டு. லைக்காவைப் பிரித்து மாதிரிகள் செய்த 1932-33ஆம் ஆண்டுகளில்தான் உக்ரைன் கொடும் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. தானியம் கட்டாயமாகப் பறிக்கப்பட்டதால் விளைந்த பஞ்சம் அது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். கார்கிவ் வட்டாரம் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. அந்நகரின் ஆலையொன்றில் பணியாற்றிய ஆஸ்திரியப் பொறியாளர் அலெக்சாண்டர் வீனர்பெர்கர், 1933இல் நடைபாதைகளில் விழுந்துகிடந்தோரை யாரும் அறியாமல் லைக்கா கேமராவால் படமெடுத்தார். அப்படங்கள் தூதரக அஞ்சல் வழியே வெளிநாடு சென்றன. பஞ்சமே இல்லை என்று அரசு மறுத்துவந்த வேளையில் அவை சான்றாக நின்றன. ஒரே நகரம், ஒரே காலம்: அரசு மறைக்க விரும்பியதை ஒரு லைக்கா கண்டுகொண்டிருந்தது, அதே லைக்காவின் படியை அரசின் பெயரால் சிறுவர்கள் வனைந்துகொண்டிருந்தனர்.

பின்னைய வரலாற்றை விரைந்து கடக்கலாம். 1930களின் பிற்பகுதியில் சிறுவர் குடியிருப்பு மறைந்து தொழிற்சாலை மட்டும் எஞ்சியது. 1941இல் ஜெர்மானியப் படையெடுப்பின்போது இயந்திரங்கள் சைபீரியாவுக்குப் பெயர்க்கப்பட்டன. ஃபெட்டின் வடிவத்தைக் கொண்டு 1948இல் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கில் சோர்கி பிறந்தது. சோர்கியில் கண்ணாடியும் பட்டகமும் பொருத்தி 1952இல் செனித் உருவாயிற்று. மூலத்திலிருந்து படி, படியிலிருந்து படி என்று இந்தக் குலமரபு நீள்கிறது. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர் பல ஃபெட்களின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து விற்றனர். இடைச்செருகல் ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று.

நம்மிடம் வந்துசேர்ந்தது 1955இல் அறிமுகமான ஃபெட்-2 வகை. இத்தகைய கருவியைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. அடிப்பக்கத் திருகுகள் இரண்டையும் திருப்பினால் பின்மூடி முழுதும் கழன்றுவரும். லென்ஸைக் கழற்றிவிட்டு விளக்கின் எதிரே பிடித்தால், ஷட்டரின் துணித்திரையில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஷட்டரை இழுத்துப் பூட்டிய பிறகே வேகத்தை மாற்றவேண்டும். முன்னரே திருகினால் உள்ளமைப்பு கெடக்கூடும். லென்ஸை மீண்டும் பொருத்தி, முடிவிலிக்குத் திருப்பி, தொலைவிலுள்ள கோபுரத்தை நோக்கினால் கண்ணாடியில் தெரியும் இரு உருவங்களும் ஒன்றாகப் பொருந்தவேண்டும். இவை தேறிய பின் ஒரு சுருளை இட்டு, ஒவ்வொரு படத்திற்கும் வேகமும் துளையளவும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நன்று. படத்தின் ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் இருண்டும் அமைந்தால் இரு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். நம் கருவியின் முதல் சுருளில் படங்கள் சீராகவே விழுந்தன.

எத்தனை கேமராக்கள்தாம் ஒருவருக்கு வேண்டும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நம் அலமாரியில் ஃபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு செனித்தும், ஒரு காலத்தில் இந்திய நடுத்தர வீடுகள் பலவற்றில் இருந்த அக்ஃபா கிளிக் III ஒன்றும் உள்ளன. படம் எடுக்க ஒன்றே போதும். ஒப்புநோக்க ஒன்று போதாது. ஃபெட்டையும் செனித்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், சுருளை நகர்த்தும் திருகிலும் துணித்திரையிலும் பார்னாக்கின் கைவண்ணம் தொடர்வது புலப்படுகிறது. யார் யாருக்காகச் செய்தனர் என்பதை அறிந்து பயன்படுத்தும்போது மலிவுப் பொருள் மலிவாக இருப்பதில்லை.

கார்கிவின் நடுவே ஜெர்ஜின்ஸ்கி பெயரிலிருந்த பெருஞ்சதுக்கம் உக்ரைன் விடுதலைக்குப் பின் விடுதலைச் சதுக்கம் ஆயிற்று. 2022 மார்ச் 1 அன்று ரஷ்ய ஏவுகணை தாக்கியது அச்சதுக்கத்தில் உள்ள மாவட்ட நிர்வாகக் கட்டடத்தைத்தான். ஊர் தன் மேலிருந்து அழித்துவிட்ட பெயரின் மூன்று எழுத்துகள், உலகெங்கும் அலமாரிகளிலுள்ள இந்தச் சிறு கருவிகளின் நெற்றியில் இன்னும் அழியாமல் இருக்கின்றன.