மூச்சும் முறிமருந்தும்: பாம்புக்கடி மருத்துவ வரலாற்றில் ஒரு பாடம்

ஜுரு ஆற்றின் கழிமுகம் போன்ற கடலோரங்களில் வலை இழுப்போர்க்குக் கடற்பாம்பு புதியதன்று. மீனைப் பிரித்தெடுக்கும் கையை அது தீண்டுவதுண்டு. 1950களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரித்தானிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், இக்கடற்கரை மீனவர்க்கு நேர்ந்த கடிகளை முறையாக ஆராய்ந்தார். கடற்பாம்பின் நஞ்சு நரம்பை முடக்குகிறது என்பதே அன்றைய கருத்து. ரீட் கண்டதோ வேறு. மனித உடலில் அந்நஞ்சு தசைகளையே சிதைத்தது. சிதைந்த தசையின் நிறமி சிறுநீரைக் கருமையாக்கியது. மெல்போர்னில் செய்யப்பட்ட கடற்பாம்பு நஞ்சுமுறி மருந்து நற்பயன் தந்ததை 1962இல் அவர் வெளியிட்டார்.

கை கால் தளர்ந்து கிடப்போர் அனைவர்க்கும் நோய் ஒன்றன்று என்பதே பினாங்கு தந்த பாடம். முறிமருந்தை உடல் ஏற்காதபோது இப்பாடம் உயிர்காக்கும் அறிவாகிறது.

நஞ்சுமுறி மருந்து 1890களில் பிரான்சில் பிறந்தது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே முறை. ஆயினும் அயல் உயிரின் புரதம் மனித உடலில் கடும் ஒவ்வாமையை எழுப்பக்கூடும். மூச்சுக்குழல் இறுகும், குருதியழுத்தம் வீழும். 1902இல் ரிஷே, போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவ்வகை எதிர்வினையை நாய்களிடம் கண்டு விளக்கினர். காக்க வந்த மருந்தே தாக்கினால் செய்வது யாது?

விடையின் வேர் முறிமருந்தினும் பழையது. 1814இல் இலண்டனில், தென்னமெரிக்க அம்பு நஞ்சால் மூச்சடங்கிய கழுதை ஒன்றின் மூச்சுக்குழலில் துருத்தியால் காற்றூதினர். நஞ்சின் வேகம் தணிந்ததும் அது எழுந்து நின்றது. பின் பல்லாண்டு வாழ்ந்தது. 1870களில் ஃபெய்ரரும் பிரண்டனும் நாகநஞ்சேறிய விலங்குகளுக்குச் செயற்கை மூச்சளித்து, உயிர் நீடிப்பதைக் கண்டனர். ஆனால் நாட்கணக்கில் மூச்சளிக்கும் வழி அன்று இல்லை. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது அவ்வழி பிறந்தது. மருத்துவர் இப்சனின் முறைப்படி மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் காற்றுப்பையை அழுத்தி நோயாளிகளைக் காத்தனர். இன்றைய தீவிரச் சிகிச்சைப் பிரிவு அம்முயற்சியின் வளர்ச்சியே.

1963இல் தைவானைச் சேர்ந்த சாங், லீ ஆகியோர் கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சில் இருவகை நச்சுப் பொருள்களைப் பிரித்தறிந்தனர். ஒன்று, நரம்பின் செய்தியை ஏற்கும் தசைவாயிலை அடைப்பது. மற்றொன்று, செய்தியை அனுப்பும் நரம்புமுனையையே கெடுப்பது. நாகநஞ்சு பெரிதும் முதல்வகை. ஆதலால் நரம்புச் செய்திப்பொருளைப் பெருக்கும் நியோஸ்டிக்மின் மருந்தை, அட்ரோப்பின் துணையுடன் தந்தால் செயலிழப்பு தளரலாம். 1986இல் வெளியான பிலிப்பைன்சு ஆய்வு, இவ்வகை மருந்தொன்றால் நாகக்கடி நோயாளிகள் வலிமை பெற்றதைக் காட்டியது. கட்டுவிரியன் கடியில் இம்மருந்து பெரும்பாலும் பயனளிப்பதில்லை. கெட்ட நரம்புமுனை மீண்டும் வளரும்வரை இயந்திர மூச்சே துணை. கடற்பாம்புக் கடியிலோ சிறுநீரகத்தையும் காத்தாக வேண்டும்.

ஒவ்வாமை தோன்றியவுடன் முறிமருந்தை முற்றும் கைவிடுவதும் முறையன்று. மருந்தை நிறுத்தி, தசையில் அட்ரினலின் செலுத்தி, உடல் தேறியபின் மெல்லத் தொடர்வதே வழக்கம். முன்கூட்டியே சிற்றளவு அட்ரினலின் தருவது கடும் எதிர்வினைகளைக் குறைக்கிறது என்பதை, 1007 நோயாளிகளைக் கொண்டு 2011இல் வெளிவந்த இலங்கை ஆய்வு நிறுவியது.

ஆசிரியரும் மாணவரும் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இமை சரிந்து, அசைவற்றுக் கிடப்பவர் இறந்தவர் போலத் தோன்றுவார். ஆயினும் அவர் செவி கேட்கும், அறிவு விழித்திருக்கும். கடிவாயை அறுப்பதிலும் மந்திரிப்பதிலும் காலங்கடத்தாமல், அவரை அசையாது கிடத்தி மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுதல் வேண்டும். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்தேனும் ஊதுதல் வேண்டும். மூச்சு காக்கப்பட்டால், நஞ்சு தணியும்வரை உயிர் காத்திருக்கும்.