பிப்லோவும் செப்பும்

ஆங்கில நாவல்களைப் படிக்கும் மாணவர்கள் 'பிப்லோ' என்றொரு சொல்லை எப்போதாவது கண்டிருக்கலாம். மாடத்திலோ கண்ணாடிப் பேழையிலோ அழகுக்காக வைக்கும் சிறு பொருளை அது குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் பிரெஞ்சினின்று கடன்கொண்ட சொல் இது. கையடக்கமான சிறு புத்தகத்தையும் பின்னர் இப்பெயரால் அழைத்தனர்.

சொல்லின் பிறப்போ செல்வர் மாளிகையில் நிகழ்ந்ததன்று. பழைய பிரெஞ்சில் குழந்தையின் விளையாட்டுப் பொருளைக் குறித்த சொல்லொன்றே இதன் மூலம் என்பர். 'அழகியது' என்று பொருள்படும் 'பெல்' என்பதை மழலை வாய் இரட்டித்துச் சொன்னதால் விளைந்தது என்பது ஒரு கருத்து. 'தாத்தா', 'பாப்பா' என்பவற்றைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. குழந்தையின் கைப்பொருளைக் குறித்த சொல் நாளடைவில் பெரியோரின் கூடத்தில் ஏறி அமர்ந்தது. எட்மண்ட் தெ கொன்கூர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் தம் வீட்டில் சேர்த்த கலைப்பொருள்களைப் பற்றியே 1881-இல் இரண்டு தொகுதிகள் எழுதினார் என்றால் அக்கால மோகத்தை உணரலாம்.

நம் நாட்டில் ஒரு சொல் இதற்கு நேர்மாறான வழியில் நடந்திருக்கிறது. அதுவே செப்பு. குறுந்தொகையின் ஒன்பதாம் பாட்டில், சூடாமல் செப்பினுள் வைத்த மலர்போல் தலைவி வாடுகிறாள். வள்ளுவர், உட்பகை கொண்ட குடியினர் கூடியிருப்பதை மூடியும் செப்பும் பொருந்தியிருப்பதற்கு ஒப்பிடுகிறார். ஆகவே அன்றைய செப்பு, மூடி நன்கு பொருந்திய பேழை, பெரியோர் பொருள். இன்றைய செப்போ சிறுமியர் கூட்டாஞ்சோறு ஆக்கும் சிறு பாத்திரம்.

அவ்விளையாட்டும் பழையதே. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனிடம் மன்றாடும் சிறுமியராகவே பேசுகிறார். சிறு மண்கலமும் சிறு சுளகும் மணலும் அவர்கள் கையில் இருக்கின்றன. அம்மண்கலத்துக்கு அவர் வழங்கிய பெயர் தூதை. தூதை என்றால் இன்று விளங்கிக்கொள்வோர் அரியர், செப்பு நிலைத்துவிட்டது.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு இராசபாளையத்திலிருந்து வந்த என் மாணவன் ஒருவன், திருவிழாவைப் பற்றிய கட்டுரையில், "தங்கைக்குச் சொப்பு வாங்கினேன்" என்று எழுதியிருந்தான். கொச்சை என்று சிவப்பு மையால் அடித்து, 'விளையாட்டுப் பொருள்' என்று திருத்தினேன். மறுநாள் அவன் வந்து, "ஐயா, பந்தும் விளையாட்டுப் பொருள்தானே? நான் பந்து வாங்கவில்லையே!" என்றான். விடை கூற இயலவில்லை. செப்பு என்பதன் பேச்சுத் திரிபே சொப்பு. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து வண்ணமேற்றிச் செய்வோர்க்கும் அது சொப்புச் சாமான்தான். ஏட்டை வாங்கி, அடித்த சொல்லின்கீழ்ப் புள்ளியிட்டு, 'இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன்.