எண்ணிக்கையா, ஆட்களா? பாயின்செட் கவுண்டியின் பருத்தி மானியம்

1933ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வேளாண் சீரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது பருத்தி விலை பெரிதும் சரிந்திருந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை உயரும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. அந்தக் கோடையில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. அழித்ததற்கு அரசு பணம் கொடுத்தது. அப்பணம் யாரைச் சேர்ந்தது என்பதை அறிய அர்க்கன்சாஸ் மாநிலத்தின் பாயின்செட் கவுண்டி தக்க சான்று.

அக்கவுண்டியின் பருத்தித் தோட்டங்களில் பாடுபட்டவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற வாரக்குடிகள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அவர்களில் உண்டு. நிலமும் உழவு விலங்கும் கருவிகளும் உடைமையாளருடையவை. விளைச்சலில் பாதி குடிக்குரியது. ஆனால் உணவுக்கும் உடைக்கும் வாங்கிய கடன் அப்பாதியில் கழிக்கப்பட்டது. கடன் கணக்கை எழுதியவரும் உடைமையாளரே.

அரசின் ஒப்பந்தம் உடைமையாளருடன் மட்டுமே செய்யப்பட்டது. 1934–35 பருவங்களுக்கான ஒப்பந்தம் இருவகைப் பணத்தை வகுத்தது: பவுண்டுக்கு மூன்றரை சென்ட் நில வாடகை, ஒரு சென்ட் விலை ஈட்டுத்தொகை. வாரக்குடிக்கு வாடகையில் பங்கில்லை. ஈட்டுத்தொகையில் பாதி, அதாவது அரை சென்ட் மட்டுமே. அதுவும் உடைமையாளர் வழியாகவே வரவேண்டியிருந்தது.

சாகுபடிப் பரப்பு குறைந்தால் உழைப்போரின் தேவையும் குறையும். இதை முன்னறிந்தே, இயன்ற வரையில் வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை வைத்திருக்க வேண்டும் என ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு கூறியது. தொல்லை தருபவர்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. ‘இயன்ற வரையில்’ என்பதை அளந்தவரும், ‘தொல்லை’ எது என்று முடிவுசெய்தவரும் நடைமுறையில் உடைமையாளரே. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அவ்வெளியேற்றங்களின் பின்னணியில், 1934 ஜூலையில், டைரோன்சா என்னும் சிற்றூருக்கு அருகில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பினத்தவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடித் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர். சலவைக்கடை நடத்திய எச். எல். மிட்செலும் பெட்ரோல் நிலையம் நடத்திய கிளே ஈஸ்ட்டும் அதற்குத் துணைநின்றனர். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த மாநிலத்தில் இருசாராரும் ஒரே சங்கத்தில் அமர்ந்தது பெரும் துணிவு.

வாஷிங்டனில் வழக்கு ஒரு சொல்லைச் சுற்றி நிகழ்ந்தது. ‘எண்ணிக்கை’ என்றால் தலைக்கணக்கா, முன்பிருந்த அதே ஆட்களா? அதே ஆட்களே என வேளாண் சீரமைப்பு நிர்வாகத்தின் சட்டப்பிரிவு பொருள்கொண்டது. 1935 பிப்ரவரியில் நிர்வாகத் தலைவர் செஸ்டர் டேவிஸ் அவ்விளக்கத்தை ஒதுக்கினார். சட்டப்பிரிவின் தலைவர் ஜெரோம் ஃபிராங்கும் அவரைச் சார்ந்தோர் சிலரும் பதவிநீக்கப்பட்டனர். வேளாண் செயலர் ஹென்றி வாலஸ் அதற்கு இசைந்தார். ஒரு குடியை நீக்கி வேறொருவரை அமர்த்தினால் எண்ணிக்கை சரியாகிவிடும் என்ற பொருளே நிலைத்தது.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் வரி, மானிய ஏற்பாட்டைச் செல்லாது என்றது. பின்வந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் வாரக்குடிகளின் பங்கை உயர்த்தியது. விளைவு எதிர்மாறானது: அப்பங்கைத் தர விரும்பாத உடைமையாளர் பலர் வாரக்குடிகளை நாட்கூலிகளாக மாற்றினர். 1939 ஜனவரியில் அண்டை மாநிலமான மிசூரியின் தென்கிழக்கில், வெளியேற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடுங்குளிரில் நெடுஞ்சாலை ஓரங்களில் குடியேறி நாட்டின் கவனத்தை ஈர்த்தனர்.

பங்கின் அளவைத் திருத்திய சட்டம், பங்காளி யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை உடைமையாளரிடமே விட்டுவைத்தது. மானியத்தின் வரலாற்றை வழங்கிய தொகையைக் கொண்டு மட்டும் எழுத முடியாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் யார், அதில் வெறும் எண்ணாக நின்றவர் யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.