வண்டலூர் ஹெரால்டும் அப்பாவின் முன்சக்கரமும்

பூனாவுக்கு வந்து பதினேழு வருஷத்துல நான் ஆசைப்பட்டு வாங்கினது ஒரு ஸ்கூட்டர், ஒரு ஃபிளாட், அப்புறம் ஏகப்பட்ட இ.எம்.ஐ. :-) இப்ப ஒரு கார் மேல ஆசை வந்திருக்கு. ஓடாத கார்.

கோத்ரூட்ல ஒரு பழைய பங்களா. ஓரமா தார்ப்பாய் போத்தி ஒரு வண்டி நின்னுச்சு. தூக்கிப் பார்த்தா ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு. நம்பர் பிளேட்ல பழைய மதராஸ் எண்! வீட்டுக்காரரோட அப்பா அங்கே வேலை பார்த்துட்டு மாற்றலாகி வந்தப்ப கூடவே கொண்டுவந்தாராம். "எடுத்துட்டுப் போறதா இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா பங்கார்வாலாவுக்குத்தான்"னு சிரிக்கிறார். தங்கமணிகிட்ட இன்னும் விலை சொல்லலை.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். திருச்சியில அப்பாகிட்ட ஒரு ஹெரால்டு இருந்தது, செகண்ட் ஹேண்ட். 1986-ல் துவாக்குடி தாண்டி ஒரு திருப்பத்துல முன்சக்கரம் அப்படியே மடிஞ்சு உள்ளே போயிடுச்சு. அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. அடுத்த மாசமே வண்டியை வித்துட்டார். அதுக்கப்புறம் அவர் கார் ஓட்டவே இல்லை.

இந்த வண்டியைச் சீர்பண்றதுக்கு முன்னாடி அதோட பூர்வீகத்தைப் படிச்சேன். படிக்கப் படிக்க, முதல் தடவை கைவைக்கிறவனுக்கு இதைவிட நல்ல வண்டி இல்லைன்னு தோணுது. அதுக்குக் காரணம் ஒரு வியாபாரச் சண்டை. இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குப் பாடி அடிச்சுக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிடுச்சு. இனி உங்களுக்குச் செய்ய மாட்டோம்னு கைவிரிச்சாச்சு. முழு பாடியையும் ஒரே கூடா அடிக்க வேற ஆள் இல்லை. அதனால அடியில தனி சேஸிஸ், மேலே துண்டு துண்டா பாடி, எல்லாத்தையும் போல்ட் போட்டுப் பூட்டுற மாதிரி யோசிச்சாங்க. மத்த கம்பெனிகள் சேஸிஸையே கைவிட்டுக்கிட்டிருந்த காலம் அது! இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி உருவம் வரைஞ்சார். 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. மட்கார்டோட சேர்ந்து பானெட் மொத்தமும் முன்பக்கமா கவிழும். எஞ்சின் பக்கத்துல டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். மெட்ராஸ் யூனியன் கம்பெனியோட கூட்டுல 1948-ல் ஆரம்பிச்சது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே தயாரிக்கத் திட்டம் வெச்சிருக்கிறவங்க மட்டும் இருக்கலாம்னு சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிட்டாங்க. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாய்ல பிரீமியர், மெட்ராஸ்ல இவங்கன்னு கார் உலகம் சுருங்கிப்போச்சு. ஹெரால்டு இங்கே 1961-ல் வந்தது. அதே வருஷம் இங்கிலாந்துல 1147 சி.சி. எஞ்சினுக்கு மாறிட்டாங்க. நமக்குக் கடைசி வரைக்கும் 948-தான். ஆனா 1968-ல் மார்க் 3-ல வண்டலூர்க்காரங்க ஒரு காரியம் பண்ணாங்க. நாலு கதவு வெச்சாங்க. பிறந்த ஊர்லயே இல்லாத நாலு கதவு! குடும்பத்தோட போற ஊருக்கு ரெண்டு கதவு எப்படிப் பத்தும்? 1972-ல் கஸல், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000, 1988-ல் பூட்டு.

என் திட்டமே இந்தக் கதையிலேர்ந்துதான் வருது. எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான் பலதும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் பொது. இங்கிலாந்துல இன்னமும் புதுசா செய்றாங்க. காசுதான் வேணும். ஆனா அந்தப் பின்கதவும் அதோட கண்ணாடியும் உலகத்துல எங்கேயும் புதுசா கிடைக்காது. இன்னொரு நாலு கதவு ஹெரால்டைக் கழட்டினாதான் உண்டு. அதனால கோத்ரூட் வண்டியில நான் எஞ்சினைப் பார்க்கப் போறதில்லை. பின்கதவு நாலு மூலையையும், கீழே சேஸிஸ் ஓரக் கைகளையும்தான் குத்திப் பார்க்கணும். அங்கே துரு தின்னிருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன். பெயின்ட் கலர் கனவெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சு.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின, பெரிசா மாத்தாத வண்டியை வின்டேஜ்னு பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. பழைய மதராஸ் எண்ணையும் வெச்சுக்கலாம். ஆனா தினசரி ஓட்டக்கூடாது. அப்பாவை உட்கார வெச்சு லோனாவாலா போறதுக்கு அது உதவாது. சாதாரணப் பதிவைத்தான் புதுப்பிக்கணும், அதுக்கு மூலப் புத்தகம் வேணும்.

முன்சக்கரத்தைப் பத்திப் படிச்சது போன வாரம். ஹெரால்டுல சக்கரத்தைத் தாங்குற இரும்புத் தண்டு கீழே ஒரு பித்தளை மரையில சுழலும். ட்ரனியன்னு பேர். அதுக்குக் கெட்டி கியர் ஆயில் விடணும்னு கையேடு சொல்லுது. பார்க்க கிரீஸ் நிப்பிள் போடுற இடம் மாதிரி இருக்கிறதால ஊர் ஊரா கிரீஸைத்தான் அடிச்சிருக்காங்க. கிரீஸ் அடிவரைக்கும் இறங்காது. தண்ணி புகுந்து மரைக்குள்ளே தண்டு அரிச்சு, ஒருநாள் திருப்பத்துல முறியும்.

அன்னிக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபத்தெட்டு வயசு.

"அப்பா, அந்த வண்டிக்கு சர்வீஸ்ல என்ன அடிச்சாங்க?"

"கிரீஸ்தான். மாசா மாசம் நானே பக்கத்துல நின்னு அடிக்கச் சொல்வேனே. ஏன்டா?"

சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் திருப்பத்துல வேகமா போனேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்"னார். போனை அம்மாகிட்ட கொடுத்துட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். கோத்ரூட் வண்டியில அந்த ஆயில் விடற இடத்துல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமை டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துக்கிட்டுப் போறேன்.