உள்ளங்கை அளவு இறப்பர்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கம்பளை நகருக்குப் புதியதோர் ஓசை வந்து சேரும். பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதி கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து வளைந்து நுவரெலியாவுக்கு ஏறுகிறது. வசந்த காலக் கொண்டாட்டங்களுக்குச் செல்லும் வாகனங்களின் நடுவே பந்தயக் கார்களும் அவ்வழியே போகும். சிறுவயதில் வீதியோரம் நின்று அவற்றைப் பார்த்தவன் நான். பிற்காலத்தில் பத்திரிகையாளனாகி, அரசியலுக்கும் விபத்துச் செய்திகளுக்கும் இடையே அவ்வப்போது மோட்டார்ப் பந்தயங்களைப் பற்றியும் எழுத நேர்ந்தது.

அண்மையில் எங்கள் தெரு இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை வாகனம் அது; இரண்டே பேர் அமரலாம். மலையேற்றப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவர் கனவு. “சேர், பதினேழு அங்குல அலோய் வீல், அதற்குப் பந்தயத்து வழுவழுப்பு டயர். இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?” என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய இரு நூற்றாண்டு வரலாறு நிற்கிறது. அதில் ஒரு பகுதி எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்திலேயே நடந்தது.

இறப்பரின் கதை, வெப்பத்துடன் அது நடத்திய போராட்டத்தின் கதை. ஆதியில் இறப்பர் கோடையில் பிசுபிசுத்து உருகியது. குளிரில் விறைத்து வெடித்தது. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் உறுதி பெறுவதைக் கண்டறிந்தார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரங்களே. அவற்றிலிருந்து 1,919 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறின.

அப்போது பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் துவெயிட்ஸ். அமேசன் காட்டின் வெக்கையில் வளரும் மரத்துக்கு மலையடிவாரத்துப் பேராதனையைவிடத் தாழ்நிலத்து வெப்பமே ஏற்றது என்பதால் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடவில் தோட்டம் அமைத்து அங்கே கன்றுகள் நடப்பட்டன. இடமறிந்து நட வேண்டும் என்ற பாடம் அன்றே சொல்லப்பட்டுவிட்டது. மரத்துக்குப் பொருந்தியது அந்த மரத்தின் பாலில் பிறந்த டயருக்கும் பொருந்தும் என்பதை உலகம் பிறகுதான் கற்றுக்கொண்டது.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் மிச்செலின் சகோதரர்கள் முதன்முறையாகக் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழிநெடுக டயர்கள் பழுதாகின, வெற்றி கிட்டவில்லை. ஆனால் எதிர்காலம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. ஆரம்பகால டயர்கள் வெளிறிய நிறத்தவை. கரித்தூள் சேர்த்தால் இறப்பர் பன்மடங்கு தேய்வைத் தாங்கும் என்பது தெரிந்த பின்னரே டயர் கறுப்பானது. 1971இல் போர்முலா-1 பந்தயங்களுக்கு வரிப்பள்ளங்களே இல்லாத வழுவழுப்பு டயர் வந்தது. உலர்ந்த தரையில் இறப்பர் முழுவதும் தரையைத் தொட வேண்டும் என்பதே அதன் தத்துவம்.

இந்த வரலாற்றில் எங்கள் மக்களின் கைகளும் உண்டு. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது, நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த முக்கிய இயற்கை இறப்பர் தேசம் இலங்கையாயிற்று. மரங்களை வருத்திப் பால் வெட்டினார்கள். 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் இந்த நாட்டுக்குச் சோறு போட்டது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் விடியுமுன் கத்தியும் வாளியுமாக நடந்தவர்களில் தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர். அவர்களுள் தமிழரில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. உலகத்தை ஓட வைத்தவர்களுக்கு நிற்க இடமில்லாமற் போன கதை அது. கைத்தொழில் வாகனங்களுக்கான திண்ம டயர் ஏற்றுமதியில் இலங்கை இன்று உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று என்று படிக்கும்போதெல்லாம் அந்த வாளிகள் என் நினைவுக்கு வரும்.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு கார் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. இயந்திரத்தின் வலிமையும் தடுப்பின் வலிமையும் அந்த உள்ளங்கைகள் தாங்கும் அளவுக்கே பயன்படும். மென்மையான இறப்பர், தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பற்றிக்கொள்ளும். அப்படி அமுங்கி மீளும்போது சூடேறும், சூடேறத் தேயும். பிடிப்பு, வெப்பம், தேய்வு மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை அழைத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும்.

பந்தயத்து வழுவழுப்பு டயர், பல சுற்றுகள் ஓடிச் சூடேறிய பிறகே தன் முழுப் பிடிப்பைத் தருமாறு செய்யப்பட்டது. மலையேற்றப் பந்தயமோ வேறு வகை. நுவரெலியாவில் 1934 முதல் வரலாறு கொண்ட மஹகஸ்தோட்டைப் பந்தயத்தில் தேயிலைத் தோட்டத்துக் குறுகிய பாதையில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கடிகாரத்துக்கு எதிராக ஏறவேண்டும். ஒன்றிரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தின் காலைக் குளிரில் வட்டரங்க டயர் விழித்தெழுவதற்குள் இலக்கு வந்துவிடும். அங்கே வேண்டியது, குளிரிலேயே பற்றும் மென்மையான கலவை; மூடுபனியும் தூறலும் வந்தால் நீரை வெளியேற்றும் வரிப்பள்ளம்.

சக்கரத்தின் அளவு அடுத்தது. அந்தக் காருக்குத் தொழிற்சாலை கொடுத்தது 185/60 ஆர்14. அதாவது அகலம் 185 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 60 வீதம். ரிம் 14 அங்குலம். வெளிவிட்டம் சுமார் 578 மில்லிமீற்றர். 195/50 ஆர்15 போட்டால் 576. கியர் விகிதம் கெடாது. 205/40 ஆர்17 என்றால் 596. சக்கரம் உயர்ந்து, புறப்படும் வேகம் மந்தமாகும். பெரிய ரிம் பெரும்பாலும் பாரமும் கூட. சுழலும் பாரத்தை முடுக்கவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். பாரமான சக்கரம் குழியில் விழுந்து எழும்போது தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

ரிம்மின் துளைகள் நான்கா, அவை அமைந்த வட்டம் 100 மில்லிமீற்றரா, நடுத்துளை அச்சில் இறுக்கமாக உட்காருகிறதா, ஜப்பானியத் தரத்தின் ‘ஜேடபிள்யூஎல்’ முத்திரை உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் முதுமையில் இறப்பர் விறைத்துவிடும். காற்றழுத்தத்தைக் கம்பளையில் பார்த்துவிட்டுப் போவதில் பயனில்லை. வெப்பமும் உயரமும் மாறுவதால் புறப்படும் கோட்டருகே அளக்க வேண்டும்.

எத்தனை பெரிய நிறுவனமும் இந்த இடத்தில் சறுக்கலாம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அந்த அரங்கின் சரிந்த 13ஆம் வளைவின் சுமையை மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ப் ஷூமாக்கரின் கார் மோதியது. ஞாயிறன்று ஆயத்தச் சுற்று முடிந்ததும் மிச்செலின் பூட்டிய 14 கார்கள் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்களே ஓடின. அவற்றுள் ஒன்றில் இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன். நான்காவதாக வந்து, போர்முலா-1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். அந்த 14 கார்கள் ஒதுங்கியதைக் கோழைத்தனம் என்று ஏசியவர்கள் உண்டு. பொருந்தாத டயரில் ஓடுவதில்லை என்ற முடிவும் ஒரு வீரமே என்பது என் எண்ணம்.

அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். தொண்ணூறுகளில் ஓர் ஏப்ரல். நண்பர் ஒருவர் அகன்ற பந்தய டயர்களுடன் நுவரெலியாவில் ஒருநாள் முழுக்கக் காரோட்டி மகிழ்ந்தார். மாலையில் டயர்களை மாற்றச் சோம்பல். தேய்ந்த அந்த டயர்களிலேயே கம்பளைக்கு இறங்கினோம். றம்பொடைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் நண்பர் தடுப்பை மிதித்தார், கார் கேட்கவில்லை. தண்ணீரின்மேல் தோணிபோல் வழுக்கியது. இடப்பக்கம் தேயிலை மேடு, வலப்பக்கம் பள்ளத்தாக்கு. எங்கள் நல்வினை, மேட்டோரத்துக் காணில் சக்கரம் இறங்கி நின்றது. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. மேட்டுக்கு மேலே லயத்து வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. சற்று முன்னால் அவர்கள் வீதியில் நின்றிருந்தால்? அந்த வினா இன்றளவும் என்னை விட்டுப் போகவில்லை.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைப் பந்தயத்தில் பாதை விலகிய கார் பார்வையாளர்களிடையே பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை டயரோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. பந்தயத்தில் பணயம் வைக்கப்படுவது ஓட்டுபவரின் உயிர் மட்டுமல்ல என்பதைச் சொல்லவே நினைவுகூர்கிறேன்.

இளைஞரிடம் நான் சொன்னது இதுதான். “தம்பி, பதினைந்து அங்குல இலேசான ரிம், புதிய திகதியுள்ள மென்மையான வீதி டயர். அவ்வளவு போதும். பழைய பதினான்கு அங்குலச் சக்கரங்களை விற்றுவிடாதே. போகும்போதும் வரும்போதும் அவற்றில் ஓடு. பந்தயச் சக்கரங்கள் லொறியில் வரட்டும்.”

அவர் முகத்தில் சிறு ஏமாற்றம். பதினேழு அங்குலத்தின் அழகு அவர் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை போலும். சென்ற வாரம் வீதியில் அவரது காரைக் கண்டேன். குனிந்து பார்த்தேன். பதினான்கு அங்குலச் சக்கரங்களே இருந்தன.